ஒன்றுபோல இரண்டு படகு

படகு என்றால் மூக்கு கூர்மையாக இருக்கும் என்பது மதுரை மக்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்ட பிழை. கண்மாயில் நான் வாடகைக்கு விடும் மிதவைப் படகுகளுக்கு மூக்கே கிடையாது. காற்றடைத்த இரண்டு நீள உருளைகள், மேலே சதுரமாக ஒரு தளம், பெஞ்சுகள், கூரை. அப்படி இரண்டு உண்டு, ஒரே பட்டறையில் சேர்ந்து செய்தவை. ஒரே மாதிரியான இரண்டு சேலையை விரித்துக் காட்டிக் காத்திருந்த கடைக்காரர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

நிழலுக்கும் முழம் உண்டு

அவனியாபுரத்திலிருந்து செல்வி தனியாக வந்தார். மகளுக்குக் காதுகுத்து, விருந்து முடிந்ததும் இரு வீட்டாரையும் படகில் ஏற்ற வேண்டும். சீர் தகராறில் அவருடைய அண்ணனும் கணவரும் பேச்சை நிறுத்தி வெகுகாலம். அவர்களைப் பேசவைக்க இந்த ஒரு நாள்தான். வீட்டுக்கு ஒரு படகு. எது குறைந்தாலும் புதுச் சண்டை. ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தார். கூரை நிழலை முழம் போட்டார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

"அது ஒங்களுக்குண்ணே. எங்க அண்ணன் கண்ணுக்கு ஒண்ணு சின்னதாத்தான் தெரியும்."

ஆகாயத்துக்குச் சொன்னது

விழாவன்று செல்வி அண்ணனிடமும் கணவரிடமும் தனித்தனியே, "ஒங்களுக்குத்தான் நல்ல படகு" என்றார். ஒரே பொய்யை இத்தனை நியாயமாகப் பங்கிட்டு நான் பார்த்ததில்லை. இருவரும் பெருமையாக ஏறினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, படகு இரண்டு, பிள்ளை ஒன்று. "காது குத்துன மடி, இன்னைக்குப் பிள்ளை இங்கதான்" என்றார் பேரையூரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன்.

கணவர் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்: "செல்வி, அது யாரு பெத்த பிள்ளைன்னு ஒங்க அண்ணன்கிட்ட கேளு."

சேர்த்துக் கட்டியது

செல்வி படகுகளின் நேரான விளிம்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டுங்க." இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. நடுவில் பழைய டயர்களைக் கொடுத்துக் கட்டினோம். இரண்டு மோட்டாரும் ஒரே நிதானத்தில் ஓடின. பிள்ளையின் தலை மாமன் மடியில், கால்கள் அடுத்த படகில் அப்பா மடியில். நடுக்கண்மாயில் அவள் தூங்கிப்போனாள். ஒரு கால் மெல்ல இரு படகுக்கும் நடுவே இருந்த இடுக்குப் பக்கம் சரிந்தது. மாமன் நேராகச் செல்வியின் கணவரைப் பார்த்தார்.

"மாப்ள, காலப் பிடிங்க. கொலுசு தண்ணிக்குள்ள போயிரும்."

"பிடிச்சிட்டேன் மச்சான்."

ஒன்றுபோல இரண்டு படகு வாங்கியது மடத்தனம் என்றே அதுவரை நினைத்திருந்த நான், மறுநாள் கடைக்குப் போய் நல்ல கெட்டியான கயிறு வாங்கி வந்தேன்.