மூணுகோடு பெரியப்பா கேட்ட பதிவு

என் பெரியப்பாவுக்கு எங்கள் தெருவில் மூணுகோடு என்று பெயர். தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. பெயர் வந்தது தொழிலால் அல்ல, கடிதத்தால். ஊரில் எது கோணலாக இருந்தாலும் உரிய அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுவார். முக்கியமான வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் மூன்று கோடு இழுப்பார். அவருக்கு எல்லா வரியும் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் தானே துடைத்துவிட்டு எழுத உட்காருவார். திங்கட்கிழமை காலை பெரியம்மா வேலைக்குப் போகும்போது அந்தக் கடிதம் அவள் கைப்பையில் போகும். வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம், அதை ஒட்டித் தபால்பெட்டி. ஸ்டாம்பு வாங்குவது, ஒட்டுவது, பெட்டியில் போடுவது எல்லாம் பெரியம்மாவின் இலாகா. பள்ளிக்கூட மணி இரண்டு நிமிஷம் முன்னால் அடிக்கிறது, பூங்கா பெஞ்சு வெயிலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது, பாலத்துக் கைப்பிடியில் ஒரு போல்ட் குறைகிறது என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. இருபது வருஷத்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் மனம் விட்டுப்போயிருக்கும். பெரியப்பாவோ, அதிகாரிகள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. எழுதி முடித்ததும் பாரம் இறங்கிவிடும், அன்று ராத்திரி நன்றாகக் குறட்டை விடுவார், மறுநாள் என்ன எழுதினோம் என்பதே மறந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பஸ் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆறாம் நம்பர் பஸ் அங்கே நிற்கும்போது பிரேக் கிறீச்சிடும். லிஃப்ட்டின் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதருக்கு அந்தச் சத்தம் பல்லைக் கூசச் செய்யும். பெரியம்மா அதற்குப் பிறகு மேட்டில் ஏறி அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று பெரியப்பா ஜன்னலில் நின்றபடி சொல்வார்.

போன குளிர்காலத்தில் பெரியம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சமதரையில் கைத்தடியோடு நடக்கலாம், மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் ஸ்கூட்டரில் ஏறிக் காலை மடக்கி உட்காரவும் கூடாது. பெரியம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டூல், அதே குட்டி ஸ்க்ரூ டிரைவர். யாராவது புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். கடைக்காரர் இரண்டு மாதம் அந்த ஸ்டூலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து எல்லோருடைய கண்ணாடியிலும் லென்ஸைக் கழற்றி மாட்டினாள். மூன்றாம் முறை என் கண்ணாடியைக் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பெரியப்பாவும் பார்த்தார். அன்றைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அலுவலகத்துக்கு நேரிலேயே கிளம்பினார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

போக்குவரத்து அலுவலகத்தில் ஒருவர், உத்தரவு இல்லாமல் எந்த நிறுத்தத்தையும் எடுக்க மாட்டோம் என்றும், பழைய உத்தரவெல்லாம் மாவட்டப் பதிவறைக்குப் போய்விட்டது என்றும், என்ன காரணத்துக்காக எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் திரும்ப வைப்பதைப் பற்றி யோசிக்கவே முடியும் என்றும் சொன்னார். பெரியப்பா வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தார்.

மாவட்டப் பதிவறை ஒரு நீளமான தரைத்தளம். ஒரு கவுண்டர், அதற்குப் பின்னால் கூரை தொடும் இரும்பு அலமாரிகள், கவுண்டருக்கு மேலே 'விண்ணப்பம் எழுதித் தரப்பட மாட்டாது' என்று ஒரு பலகை. கவுண்டரில் இருந்த அம்மாள் கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். பெரியப்பா கொடுத்த நான்கு பக்கத்தை நிதானமாகப் படித்தார். அதில் பதினொரு கேள்விகள் இருந்தன. இந்த முடிவை எடுத்தவர் யார், அவர் வாழ்நாளில் பஸ்ஸில் ஏறியதுண்டா, அவருக்கு முழங்கால் என்று ஒன்று இருக்கிறதா என்பது போல.

"ஐயா, இங்க பதிவுதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது. எந்தக் காகிதம் வேணும்னு கேளுங்க, இருந்தா எடுத்துத் தர்றேன்" என்றார்.

எந்தக் காகிதம் என்று தெரிந்தால் நான் ஏன் வருகிறேன் என்று பெரியப்பா எகிறினார். அம்மாள் பலகையைக் காட்டினார். எழுதித் தருவதற்குத்தான் தடை, அடிப்பதற்கு இல்லை என்பது போலக் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, வேண்டாத வரிகளை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான்கு பக்கத்தில் மிஞ்சியது தேதியும் கையெழுத்தும்.

இரண்டாவது விண்ணப்பத்தில் எங்கள் தெருவின் பெயர் பிழைத்தது. மூன்றாவதில் அந்த நிறுத்தம் சம்பந்தப்பட்ட 'எல்லாப் பதிவுகளும்' வேண்டும் என்று கேட்டார். அம்மாள் அலமாரிப் பக்கம் போய் வந்து, நிறுத்தம் வைத்த நாளிலிருந்து டிக்கெட் கணக்கெல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் போகும், எடுத்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டார். பெரியப்பா காகிதத்தைத் தானே கிழித்துக்கொண்டார்.

பெரிய குறைதான் அவரிடம் இருந்தது. எரிச்சலை வரிசையாகச் சொல்லத் தெரியும், தேவையை ஒரு வரியில் சொல்லத் தெரியாது. எனக்கும் கோபம் வந்தது. லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்களா, எந்தப் பாகம் என்றுதானே பார்ப்பீர்கள் என்று படிக்கட்டில் வைத்தே கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு வரிதான் எழுதியிருந்தார். எங்கள் தெரு நிறுத்தத்தை நீக்கிய உத்தரவும் அதோடு இணைத்த காகிதங்களும் வேண்டும் என்ற அந்த வரியின் அடியில் ஒரு கோடுகூட இல்லை.

பதிவறை அம்மாள் அதைப் பார்த்ததும் பென்சிலைக் கொண்டையிலேயே விட்டுவிட்டார். எந்த மாதம் என்று மட்டும் கேட்டார், மாதவாரியாகத்தான் கட்டி வைத்திருக்கிறார்களாம். பெரியப்பா விழித்தார். நான் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மார்ச் மாசம்மா. அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு போயி மூணு வாரம் இருந்துட்டுத் திரும்பினேன்ல? பெட்டியோட இறங்கலாம்னு பார்த்தா பஸ் இங்க நிக்கவே இல்லை, மேட்டுலதான் எறக்கிவிட்டான்."

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம். கவுண்டரில் ஒரு மெலிந்த கோப்பு இருந்தது. அம்மாள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் அதைத் தள்ளினார். முதல் காகிதம் உத்தரவு. பொதுமக்களிடமிருந்து வந்த எழுத்துப்பூர்வமான வேண்டுகோளை ஏற்று, மேற்படி நிறுத்தம் நீக்கப்படுகிறது. இரண்டாவது காகிதம் அந்த வேண்டுகோள்.

எனக்குக் கையெழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சிவப்புக் கோடுகள் போதும்.

ஆறாம் நம்பர் பஸ்ஸின் பிரேக்கைப் பற்றி மூன்று பக்கம். கடைசியில், ஒரு கெத்துக்காக, 'ஒன்று பிரேக்கைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள்' என்று ஒரு வரி, அதன் அடியில் மூன்று கோடு. அலுவலகம் இரண்டில் சுலபமானதைச் செய்திருந்தது. கடிதம் கிடைத்துப் பதினோராம் நாளே செய்திருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா அந்தக் கடைசி வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவளை மேடு ஏற வெச்சது நான்தாம்மா."

பதிவறை அம்மாளுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. உத்தரவின் கடைசி வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். வேண்டுகோள் விடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் இந்த உத்தரவு ரத்தாகும் என்று அதில் இருந்தது. எழுதித் தர அவருக்கு அனுமதி இல்லை, தொட்டுக் காட்டத் தடை எதுவும் பலகையில் இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பாதி வழியில் பெரியப்பா நிறுத்தச் சொன்னார். இறங்கி நடைபாதையில் நின்றார். லிஃப்ட்டில் பழுது கண்டுபிடிக்கும்போது அவர் நிற்கிற நிற்பு அது. இருபது வருஷம், வாரத்துக்கு ஒரு கடிதம், ஒன்றுக்கும் யாரும் அசையவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் பதினொரு நாளில் ஆள் அனுப்பிக் கம்பத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் அப்படி என்ன வித்தியாசம் என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"மார்ச்ல அவ ஊர்ல இல்லை. இதை நான்தான் போய்ப் பெட்டியில போட்டேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். முதலில் தன் தப்பைச் சொன்னார், ஒன்றும் மறைக்கவில்லை. பெரியம்மா கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு, மற்ற கடிதமெல்லாம் எங்கே என்று கேட்டார். பெரியம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த நீலச் சூட்கேஸை இழுக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். அதைத் திறந்தேன். வருஷம் வாரியாக ரப்பர் பேண்டு போட்டு, ஆயிரம் கடிதத்துக்குக் குறையாமல் இருந்தது. மாவட்டப் பதிவறையில்கூட அவ்வளவு ஒழுங்கு இல்லை. உறைகளின் மூலையில் ஸ்டாம்பு மட்டும் இல்லை. ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி டப்பாவில் வைத்திருக்கிறாள். அந்த வீட்டில் ஸ்டாம்பு தீராததற்குக் காரணம் அதுதான்.

பெரியம்மா சொன்னாள். "முதல் கடிதத்துல உங்க கம்பெனி மேனேஜரை என்னவெல்லாம் எழுதியிருந்தீங்க. அது போயிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். ஒரு வாரம் ஒளிச்சு வெச்சேன். நீங்க அதைப்பத்திக் கேக்கவே இல்லை. எழுதினதுமே நிம்மதியாத் தூங்கிட்டீங்க. அடுத்த வாரமும் அப்படித்தான். சரி, எழுதறதுதான் இவருக்கு மருந்து, போடறது இல்லைன்னு விட்டுட்டேன்."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது என்றுதான் நினைத்தேன். காது சிவந்தது. நாடே தன்னைக் கண்டு நடுங்குகிறது என்று இருபது வருஷம் நம்பியிருந்தவர், பாவம். சூட்கேஸிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு, இதெல்லாம் போயிருந்தால் ஊரில் பாலம், பூங்கா, பள்ளிக்கூடம் எதுவுமே இருந்திருக்காது என்று சொல்லி, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு எழுதியதுதான் அவர் எழுதியதிலேயே சின்னக் கடிதம். 'என் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிறுத்தத்தைத் திரும்ப வையுங்கள்.' ஒரு கோடும் இல்லை. பெரியம்மா அதைப் படித்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து, இந்த முறை அழுத்தி ஒட்டினாள். இருவருமாகத் தெருவைக் கடந்து போய்ப் பெட்டியில் போட்டார்கள். உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று பெரியப்பா காதை வைத்துப் பார்த்தார்.

கடைக்காரர் சொன்ன கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கம்பத்தை நட்டார்கள். பெரியம்மா புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி தலையை அழுந்த வாரிக்கொண்டு முதல் நாள் கிளம்பினாள். ஆறாம் நம்பர் பஸ் அதே பிரேக்கோடு கிறீச்சிட்டு நின்றது. பெரியப்பா ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியப்பா மேசையைத் துடைத்தார். சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் வெளியே வந்தன. மூன்று பக்கம் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு, அன்று ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டார். திங்கட்கிழமை காலை வாசலில் நின்றபடி பெரியம்மா கையை நீட்டினாள்.

"குடுங்க, போட்டுடறேன்."

பெரியப்பா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு கடிதத்தைக் கைப்பைக்குள் தானே வைத்து ஜிப்பை மூடிவிட்டு, "பத்திரமாப் போடு" என்றார்.