ஒரே எண்ணில் இருவர்

என் மகள் நகாட்டோ மசாக்கா நகரில், இரட்டையரில் இளையவளாகப் பிறந்தாள். மூத்தவள் பபிர்யே. அன்றுமுதல் ஊர் என்னைச் சாலோங்கோ என்றும் என் மனைவியை நாலோங்கோ என்றும் அழைக்கத் தொடங்கிற்று. இரட்டையரைப் பெற்றோர்க்குச் சொந்தப் பெயர் மிஞ்சுவதில்லை. இரு பெண்களுக்கும் அரிவாள் செல் நோய். மாதந்தோறும் மருத்துவமனையில் மாத்திரை வாங்கினால்தான் எலும்பு வலி அடங்கும்.

அங்கிருந்த கணினி, தாயின் தொலைபேசி எண்ணையும் நோயாளியின் பிறந்த தேதியையும் இணைத்து அடையாள எண்ணை ஆக்கியது. நகாட்டோவைப் பதிய முயன்றபோது, ‘இவர் ஏற்கெனவே உள்ளார்’ என்றது. பதிவறை எழுத்தர் கிவும்பி இருவரையும் ஒரே பதிவில் சேர்த்துவிட்டார். தரவுத்தளம் பற்றி நானாகவே படித்தறிந்த பின் எழுதிக் கொடுத்தேன்: அடையாள எண் எதையும் குறிக்கத் தேவையில்லை, ஆளுக்கொன்றாய், மறுமுறை எவர்க்கும் வராததாய், கணினியே உள்ளுக்குள் வழங்க வேண்டும். முத்திரையிட்ட நகல் என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை.

பெண்கள் அதை விளையாட்டாகக் கொண்டார்கள்.

“நம்பர் என்னோடது. நீ சும்மா தொத்திக்கிட்டு வர்ற,” என்பாள் பபிர்யே.

“கசப்பு மாத்திரைய முழுங்குறப்ப மட்டும் நான் தனி ஆளாக்கும்?” என்பாள் நகாட்டோ.

பதினாறாம் வயதில் பபிர்யே நெஞ்சு வலியில் போய்விட்டாள். இரட்டையர் இறந்தார்கள் என்று எங்களில் எவரும் சொல்வதில்லை; பறந்துவிட்டார்கள் என்போம். கிவும்பி கணினியில் ‘இறப்பு’ என்று பதிந்தார். அடுத்த மாதம் நகாட்டோவுக்கு மாத்திரை மறுக்கப்பட்டது.

“கம்ப்யூட்டர்படி நீ உயிரோட இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் கிவும்பி.

“அப்போ வலிக்கிறது யாருக்கு ஐயா?”

மனு மேல் மனு கொடுத்தேன். அதற்குள் அவள் இருமுறை வலியில் சுருண்டு விழுந்தாள். மழைக்காலம் முடிந்தபோது தலைநகர் கம்பாலாவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே புதிய எண் விழும்படி செய்தார். பழைய பதிவில் உள்ள ஒவ்வொரு வருகையும் இனி இருவரில் ஒருவருக்கே சேர வேண்டும் என்றார்.

என் கோப்புகள் உதவவில்லை. சீட்டுகளிலும் அந்த ஒரே எண்தான். நாலோங்கோவே பிரித்தாள்.

“இது பபிர்யே. அன்னைக்கு மட்டோக்கே வாழைக்காய்க் கூழ மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டு வந்தா. இது இவ. நர்ஸக் கடிச்சு வச்சது.”

ஒன்றில் நின்றுவிட்டாள். ஐந்து வயதில் இருவருக்கும் ஒரே நாளில் இரத்தம் ஏற்றினார்கள். ஒருத்தியின் உடல் அதை ஏற்காமல் உதறிற்று. எவள்? நான் அன்று அங்கில்லை.

“ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள கெடந்தாங்க,” என்றாள் நாலோங்கோ. “கட்டில்தான் ஆடுச்சு.”

“எனக்கே போடுங்க,” என்றாள் நகாட்டோ. “தப்பா இருந்தாலும், நாளைக்கு ரத்தம் ஏத்துறப்ப பாத்து ஏத்துவாங்க. அவளுக்கு இனிமே யாரு பாக்கப் போறா?”

கிவும்பி பதிந்தார்.

“அதையும் நீ எடுத்துக்கிட்டா அவளுக்கு என்னடி மிஞ்சும்?” என்று கேட்டாள் நாலோங்கோ.

மாத்திரை கொடுக்குமிடத்தில் புதிய எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகே, அது தன்னைத்தான் என்று நகாட்டோவுக்கு உறைத்தது.