கூடுதல் விலைக்கு ஒரு கும்மிப்பாட்டு

முதலில் தோடுகள் கழலும். அடுத்து மின்விசிறி நிற்கும். சமையலறையில் பிரிட்ஜ் உறுமுகிறதா என்று சாந்தாமணி ஒரு கணம் காது கொடுப்பார். உறுமினால் அதையும் அணைத்துவிடுவார். அதன் பிறகுதான் அந்தப் பெரிய கறுப்பு ஹெட்ஃபோன் தலையில் ஏறும். பால் திரிந்துபோகிறது என்று வீட்டில் குறை சொல்வதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

பீளமேட்டில் அவருக்குச் சென்னிமலைப் போர்வைக் கடை. விடுதியில் சேர வரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வாடிக்கை. கைத்தறிப் போர்வையையும் விசைத்தறிப் போர்வையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தடவிப் பார்க்கச் சொல்வார். "ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க ஆன்ட்டி இருக்குது" என்று ஒரு பெண் சொன்னால் முகம் கோணாமல் விலை குறைந்ததையே மடித்துக் கொடுப்பார்.

"வித்தியாசம் தெரியலீன்னா எதுக்குங் கண்ணு சேத்திக் குடுக்கறே? இதையே எடுத்துக்க."

இந்த நியாயம் பாட்டுக்கு மட்டும் கிடையாது. இணையத்தில் ஒரே பாட்டுக்குச் சாதாரணப் பதிவு ஒரு விலை, உயர்தரப் பதிவு ஒரு விலை என்று இருந்தால் அவர் விரல் மேல்விலையில்தான் போய் விழும். அந்தப் பாட்டுகளைச் சுமந்து சுமந்து, போனில் பேரக்குழந்தையின் படம் எடுக்கக்கூட இடமில்லை.

மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் மகன் உதய் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சோதனை வைத்தான். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றி ஓட்டி, எது விலை கூடியது என்று கேட்டான். சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் அடித்துச் சொன்னார். பாதி சரி, பாதி தப்பு.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே பதில்தானுங்மா வந்திருக்கும்."

"அப்படியா? செரி, உடு" என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு பல வாரங்கள் ஒரு பாட்டும் வாங்கவில்லை. மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உதய்க்குத்தான் என்னவோ போலிருந்தது.

அப்போதுதான் அந்தக் கும்மிப்பாட்டுத் தொகுப்பு வந்தது.

கல்லூரியில் படிக்கும்போது சாந்தாமணியும் தோழி உம்மல் குல்சுமும் ஒரு கேசட்டுக்குக் குழுவோடு சேர்ந்து பாடப் போயிருந்தார்கள். பாடிக்கொண்டே கும்மி தட்ட வேண்டும். சத்தம் வரும் என்று ஒலிப்பதிவாளர் எல்லோரையும் வளையல் கழற்றச் சொன்னார். குல்சுமின் தங்க வளையல்கள் இரண்டும் கையைவிட்டு வரவேயில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, மைக்குக்கு எட்டாமல் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். கேசட் வந்ததும் குல்சும் ஒரே ஒருமுறை கேட்டார். "இதுல நா எங்கீமே இல்ல புள்ள" என்றார். அதோடு பாடுவதையே விட்டுவிட்டார். சாந்தாமணி எவ்வளவு கெஞ்சியும், தோழிகள் கூடும் வீட்டு விசேஷங்களில்கூட அவர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேசட்டின் பாட்டுகள்தான் இப்போது இணையத்தில் தொகுப்பாக வந்திருந்தன. பழைய ஒலிநாடாவிலிருந்து புதிதாக எடுத்த பதிவு என்று போட்டிருந்தது. சாந்தாமணி அன்றைக்கே மேல்விலை கொடுத்து வாங்கினார். மூன்றாவது பாட்டில், கைதட்டல்களுக்குப் பின்னால், இடது ஓரத்தில், மெல்லியதாக ஒரு வளையல் கிணுக்கம். திரும்ப ஓட்டினார். இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணப் பதிவையும் வாங்கினார். அதில் கைதட்டல்களெல்லாம் குழைந்து ஒன்றாகி, கிணுக்கம் காணாமல் போயிருந்தது. இல்லை, அப்படி நினைத்துக்கொள்கிறோமா? மகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தவர், வேறொன்று கேட்டார்.

"போத்தனூர் வரைக்கும் காரை எடுக்கறயா சாமி?"

குல்சும் வீட்டில் டீ குடித்து முடிப்பதற்குள்ளேயே சாந்தாமணி ஹெட்ஃபோனை வெளியே எடுத்துவிட்டார்.

"இதென்ன புள்ள, தலைல சட்டியக் கவுத்தாப்பல?" என்று முனகிக்கொண்டே குல்சும் மாட்டிக்கொண்டார். சாந்தாமணி கண்ணாடியைத் தேடாமலேயே போனில் பாட்டைத் தொட்டார். பாட்டு ஓடியது. குல்சுமின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கேக்குதா?"

"எது?"

"உன்ற வளையல். அந்த ரூம்ல நீயும் பாடிட்டுத்தான் நின்னே. அதுக்கு சாட்சி இருக்குது புள்ள. கைதட்டுக்குப் பின்னால கேளு."

குல்சும் மறுபடி கேட்டார். தலையை ஆட்டினார். "இல்ல சாந்தா. ஒண்ணும் கேக்கல."

சாந்தாமணி சோபாவில் சாய்ந்துகொண்டார். உதய் தரையைப் பார்த்தான். பக்கத்தில் எங்கோ ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. பாட்டை நிறுத்தலாம் என்று சாந்தாமணி கை நீட்டியபோது குல்சும் சட்டென்று விரலைத் தூக்கினார்.

"இரு, இரு. எல்லாரும் நிறுத்துன பொறவும் ஒருத்தி இழுத்துட்டே இருக்கறா பாரு. பாட்டு வாத்தியார் திட்டுவாரே, இழுக்காதே இழுக்காதேன்னு. அது... அது நானாக்கும்!"

இத்தனை தடவை கேட்டும் சாந்தாமணி அந்த இழுவையைக் கவனித்ததே இல்லை.

அடுத்த அடி வந்ததும் குல்சுமும் சேர்ந்துகொண்டார். காதை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள் எல்லோரையும் போலத் தன் குரல் தனக்குத் தெரியாமல், சுருதி ஒரு பக்கம் போக, வீடே அதிரப் பாடினார். சமையலறையிலிருந்து குல்சுமின் மருமகள் எட்டிப் பார்த்து, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

உதயின் பார்வை அம்மா கையிலிருந்த போனில் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்தது விலை குறைந்த பதிவு. முதல் தடவையிலிருந்தே அதுதான். அவன் அம்மாவின் தோளைத் தொட்டுத் திரையைக் காட்டினான். நல்ல பதிவை மாற்றிப் போட விரலும் நீட்டினான்.

சாந்தாமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு அவன் விரலை மெல்ல ஒதுக்கிவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.