அவர் பெயரில் ஒரு புல்

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரைப் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். காய்ந்த செடிகளைக் கெட்டித் தாளில் ஒட்டுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் மைத்துனன் கேட்டான், "ஆபீஸ்ல மாமாவைப் பசைன்னு கூப்பிடறாங்களாமே, அவ்வளவு பசையுள்ள ஆளா?" என்று. "பசையெல்லாம் வாளியிலதான் மாப்பிள்ளை, பையில இல்லை" என்று இவர் சொன்ன பதில் அந்த வீட்டில் இன்றைக்கும் நடமாடுகிறது.

நிலையம் மூன்று மாடிக் கட்டடம். கீழே பூச்சிப் பிரிவு. மாவு வண்டுகளுக்கு எந்தச் சத்தைக் கொடுத்தால் கொழுக்கும், எதை நிறுத்தினால் சாகும் என்று அங்கே பார்ப்பார்கள். நடு மாடியில் சிப்பிக்காரர்கள். கழிமுகத்துச் சேற்றில் சிப்பிகளை எண்ணிவிட்டு அதே பூட்ஸோடு படியேறுவார்கள் என்பதால் கூட்டுகிற அம்மாளுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. மேல் மாடி புல் பிரிவு. கோதுமை, பார்லி, ஓட்ஸ் இவற்றுக்கெல்லாம் காட்டில் இருக்கும் சொந்தபந்தம் யார், யாருக்கு யார் உடன்பிறப்பு, யாருக்கு யார் ஒன்றுவிட்ட உறவு என்று பிரித்துப் பெயர் வைப்பது அங்கே வேலை. கீழ்த்தளத்து வண்டுகள் சில சமயம் தப்பித்து இரண்டு மாடி ஏறி பசை வாளிக்கே வந்துவிடும். "நாங்க அளந்து போடற சாப்பாட்டைவிட உங்க பசைதான் அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று வண்டு அறைப் பெண் வந்து பொறுக்கிக்கொண்டு போவாள்.

பசைக்குத் தன் கைமேல் ஒரு கர்வம் உண்டு. காய்ந்த புல் தொட்டால் உதிர்வது. உலர்த்தி வைத்திருந்த செய்தித்தாளிலிருந்து அதை மூச்சை அடக்கி எடுத்து, கதிர் தெரிய, இலையில் ஒன்று முகம் காட்ட, ஒன்று முதுகு காட்ட வைத்து, ஒட்டி, தண்டின்மேல் நூலளவு துணிப்பட்டைகளால் கட்டுப் போடுவார். பட்டை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் புற்களைக் கொண்டுவந்து கொடுப்பவர் நடை. காடு மேடெல்லாம் ஏறி இறங்குகிறவர் என்பதால் அந்தப் பெயர். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நடை ஊரில் இருக்கும் நாளில் மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேஜையில்தான்.

தப்பு நடந்தபோது பசைக்கு நாற்பத்தோரு வயது. மழைக்கால மத்தியானம். நடை ஒரு உயரமான சரிவிலிருந்து கொண்டுவந்த இரண்டு வகைப் புற்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்திருந்தார். யாரோ கதவைத் திறக்க, காற்றில் செய்தித்தாள்கள் புரண்டன. எடுத்து அடுக்கியபோது ஒரு கதிர் மட்டும் முறிந்து தனியாகக் கிடந்தது. இந்தப் பக்கத்துப் புல்லிலும் தலையில்லாத தண்டு இருந்தது, அந்தப் பக்கத்திலும் இருந்தது.

உதிர்ந்தது எதுவானாலும் சின்ன உறையில் போட்டு, சந்தேகம் என்று எழுதித் தாளின் ஓரத்தில் ஒட்ட வேண்டும். அதுதான் விதி. ஆனால் போன வாரம்தான் பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், "எந்தத் தாளைத் திறந்தாலும் உறையா இருக்கு. இது என்ன தபால் ஆபீஸா?" என்று. சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. பசை கதிரை எடுத்து இரண்டு தண்டுகளுக்கும் நேரே பிடித்துப் பார்த்தார். இதுதான் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தாமல் ஒட்டினார். முறிவுமேல் பட்டை போட்டார். அன்றைக்குப் போட்ட கட்டு அவர் போட்டதிலேயே நல்ல கட்டு.

ஏழு வருஷம் அந்தத் தாள் அலமாரியில் கிடந்தது.

பிறகு டாக்டரம்மா வந்தார். பார்லி இனத்துக் காட்டுப் புற்களை வகைப்படுத்த வந்தவர். இவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், எல்லோரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறவர். ஒரு நாள் காலை அறை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் வாங்களேன். இதைப் பாருங்க. கதிரைப் பார்த்தா பார்லி வீட்டுப் பிள்ளை. இலை தண்டைத் தழுவற இடத்துல இருக்கிற நாக்கைப் பார்த்தா அந்த வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இப்படி ஒரு புல்லை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."

பசை லென்ஸுக்குள் குனிந்தார். அவர் பார்த்தது புல்லை அல்ல, பட்டையை. தன் கையெழுத்து அடையாளம் தெரிகிற மாதிரி அது தெரிந்தது. காற்றில் புரண்ட தாள், தபால் ஆபீஸ், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"நீங்க ஒட்டினதுதானே? இந்தப் பட்டைக்குக் கீழே தண்டு முழுசா இருக்கா?"

சொல்வதற்கு வாய் திறந்தார். வந்தது வேறு.

"முழுசாத்தான் இருக்கும் மேடம். முறிஞ்சதை நான் ஒட்டறதில்லை. உறையில போட்டுடுவேன்."

"அது போதும். உங்க கைன்னா நான் பட்டையைப் பிரிக்கவே வேண்டாம்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினார். ஒருவேளை சரியாகவே ஒட்டியிருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று நடந்து வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்துக் கட்டுரை அச்சாகப் போகும் சமயத்தில், தேநீர் நேரத்தில் டாக்டரம்மா எழுந்து நின்றார். புதுப் புல்லுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்றார். "எப்பவும் பெரிய மனுஷங்க பேரைத்தான் வைக்கிறோம். இந்தத் தடவை, இருபது வருஷமா நம்ம புல்லையெல்லாம் உதிராம காப்பாத்தின ஒருத்தர் பேரை வைக்கிறேன்" என்று சொல்லி, பசையின் சொந்தப் பெயரை, அதன் வாலில் லத்தீன் எழுத்துகள் இரண்டு சேர்த்து, உரக்கப் படித்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பசைக்கு முகம் எரிந்தது. "வேண்டாம் மேடம். என் பேரு வேண்டாம்" என்றார்.

"பார்த்தீங்களா, என்ன அடக்கம்" என்றார் பிரிவுத் தலைவர். மறுபடி கைதட்டினார்கள்.

வீட்டில் மனைவி கட்டுரையின் முதல் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். பக்கத்தில்தான் முகம் பார்க்கும் கண்ணாடி. அவர் அங்கே நின்று தலைவாருவதை விட்டுவிட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, "எங்கப்பா பேர்ல ஒரு புல் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். கீழ்வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம், "சார், உங்க புல்லை மாடு திங்குமா?" என்று கேட்டுச் சிரிப்பார். இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவுவார்.

இதோடு போயிருந்தால் அவர் சாகிறவரை வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பார். ஆனால் ஒரே ஒரு காய்ந்த தாளை வைத்துக்கொண்டு ஒரு புல் இருக்கிறது என்று எத்தனை நாள் சொல்வது? உயிரோடு ஒரு செடி வேண்டும் என்றார் டாக்டரம்மா. நடையை அந்தச் சரிவுக்கு அனுப்பினார்கள்.

முதல் வருஷம் நடை பதினெட்டு நாள் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "உன் புல்லு என்னைக் கண்டா ஒளிஞ்சுக்குதுப்பா. நீயாவது சொல்லி வையேன்" என்றார். இரண்டாம் வருஷம் முழங்காலில் கட்டோடு வந்தார். மூன்றாம் வருஷம் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். பசை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வீங்கிப்போன முட்டியைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். அதைத் தவிர அவர் கை வேறெதுவும் செய்யவில்லை, வாயும்தான்.

"சரியாயிடும். அதுக்குப் போய் ஏன்யா கண் கலங்கறே?" என்றார் நடை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பசை தாள்களைக் கொண்டுபோய் வைக்க டாக்டரம்மா அறைக்குப் போனபோது உள்ளே நடையின் குரல் கேட்டது. "வேற யாரையும் அனுப்பாதீங்க மேடம். அந்தச் சரிவு எனக்குத்தான் தெரியும். அவன் என் சிநேகிதன். அவன் பேர்ல இருக்கிற புல்லை நான்தான் கொண்டாந்து கொடுக்கணும். இந்த முட்டி இன்னும் ஒரு தடவை தாங்கும்."

பசை தாள்களோடு திரும்பி வந்தார். கை கழுவினார். நடை கம்பை ஊன்றிப் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனார்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் எடுங்க மேடம்."

"எதுக்கு?"

"எடுங்க."

டாக்டரம்மா எடுத்து வைத்தார். பசை, வெந்நீரில் நனைத்த பஞ்சைப் பட்டைமேல் வைத்ததும் டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார். "அண்ணா, என்ன பண்றீங்க? அந்தப் பேருக்கு ஆதாரமே இந்த ஒரு தாள்தான்."

"முழுசா இல்லை மேடம்" என்றார் பசை.

டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டார். பட்டை ஊறும்வரை பசை பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். பட்டை இடுக்கி முனையில் எழும்பி வந்தது. கீழே தண்டு ஒரு இடத்தில் முடிந்தது, மயிரிழை விட்டு இன்னொன்று தொடங்கியது. ஒன்று உருண்டை, ஒன்று லேசாகச் சப்பை. லென்ஸ்கூட வேண்டியிருக்கவில்லை. அதே நாளில் ஒட்டிய இன்னொரு புல்லின் தாளையும் பசையே அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். கதிரை அதன் தலையில்லாத தண்டோடு வைத்தபோது முறிவும் முறிவும் பல்லோடு பல் பொருந்தின.

"எப்பவிருந்து தெரியும்?"

"நீங்க லென்ஸ்ல காட்டினீங்களே, அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகமா, தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேனே அண்ணா" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விட்டது தன் குற்றமோ என்று யோசிக்கிறவர் மாதிரி சொன்னார். "போங்க. அப்புறமா கூப்பிடறேன்."

நாலு மணிக்குக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. மறுப்பு எழுதி அனுப்ப வேண்டும், அதைத் தன் பெயரிலேயே எழுதுவதாகச் சொன்னார். ஒரு தடவை அச்சேறிய பெயரை யாராலும் அழிக்க முடியாதாம். செல்லாது என்று பக்கத்தில் குறிக்கலாம், அவ்வளவுதான். அதாவது, இல்லாத ஒரு புல்லுக்கு அவர் பெயர் புத்தகங்களில் இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டு செடிகளையும் பிரித்து இரண்டு தாளில் ஒட்டும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். தாளின் ஓரத்தில் ஒட்டக் குறிப்பு ஒன்றை டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினார். ஒட்டும்போது இரு செடிகள் கலந்துவிட்டன என்பதோடு டாக்டரம்மா நிறுத்திக்கொண்டார். பசை நிறுத்தவில்லை. 'கேட்டபோது ஒட்டியவர் மறைத்தார்' என்று ஒரு வரி சேர்த்துத் தன் கையெழுத்தைப் போட்டார். டாக்டரம்மா அதைப் படித்தார். அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பசையை மரியாதையாக 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். மகள்தான் கேட்டாள்.

"பேரு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னீங்களாமே. அது இதுக்காகவாப்பா?"

"ஆமாம்மா."

"நாங்க எல்லாரும் அடக்கம்னு நினைச்சோம்."

நடையிடம் சொல்வதை வேறு யாருக்கும் விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே, சிப்பிக்காரர்களின் சேற்று பூட்ஸ்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் வைத்துச் சொன்னார். நடை கம்பில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை ஏறினேன்" என்றார் கடைசியில். "முதல் தடவை சொல்லலை, சரி. பயம். ரெண்டாவது தடவையும் சரி. ஆஸ்பத்திரியில ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தியேய்யா. அப்பக்கூட சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு."

"தோணியும் உரிச்சுக்கிட்டிருந்தே."

மறுநாளிலிருந்து நடை வண்டு அறைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பசை தன் மேஜையிலேயே, ஒட்டுகிற தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார். பிரிவுத் தலைவர் கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார். பசை அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினார். தபால் ஆபீஸ் பேச்சைத் தலைவர் எடுக்கவில்லை. பசைக்கும் அதை ஒரு சாக்காகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது அவர் ஒட்டும் தாள்களில் நாலில் ஒன்றில் உறை இருக்கிறது. யாரும் சிரிப்பதில்லை.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் நடை கம்பைச் சுவரில் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி, கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுவதைப் பற்றிப் பேசினார். பசை கேட்டுக்கொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"சாப்பிடுய்யா" என்றார் நடை, அவர் முகத்தைப் பார்க்காமல்.