அக்கா பாதியில் விட்ட தொடர்

கழுகுமலைக் கோயிலில் எனக்குத் தாலி ஏறியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. விளாத்திகுளத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, படுக்கையில் கிடந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. அம்மா போன மறுவருஷம் இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. மனைவி நோயில் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். பெண் பார்க்க வந்ததே அவள்தான்.

"எங்கப்பா அதிகம் பேச மாட்டாரு. ஆனா ரொம்ப நல்லவரு" என்றாள்.

அவள் சொன்ன முதல் விஷயம் கோவில்பட்டி வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாவது தெரியக் கொஞ்ச நாள் ஆனது. காலையில் மணியாச்சிக்கு ரயில் ஏறிப் போவார். சாயங்காலம் கிரீஸ் வாடையோடு திரும்புவார். என்னை "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிட்டார். "நான் வாரேன். கதவைச் சாத்திக்கோங்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போவது, ஸ்டேஷனில் ஒலிபெருக்கி பயணிகளுக்குச் சொல்வது மாதிரியே இருக்கும். நானும் பதிலுக்கு மரியாதையாகத் தலையை ஆட்டுவேன். இரண்டு பேரும் ஒரு வீட்டில் விருந்தாளிகளாக இருந்தோம்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னை டிவி முன் உட்காரவைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். "சித்தி, பகல் பூரா தனியா இருப்பீங்க. இதுல எல்லாப் படமும் வரும், தமிழ்லயே வரும்" என்று எதை எதை அமுக்கவேண்டும் என்று காட்டித் தந்தாள். எனக்குப் பாதிதான் மண்டையில் ஏறியது.

புரட்டாசி அந்த வருஷம் சித்திரையைப் போலக் காய்ந்தது. காற்று கிளம்பினால் கரிசல் புழுதி ஜன்னல் வழியே வந்து டிவியின் மேல் படிந்துவிடும். ஒரு மத்தியானம் அதைத் துடைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தேன். திரையில் மூன்று வட்டங்கள் வந்தன. ஒன்றின் கீழே 'அப்பா', இன்னொன்றின் கீழே மகளின் பெயர், மூன்றாவதன் கீழே 'அம்மா'. நான் எதை அமுக்கினேனோ, அந்த மூன்றாவதுதான் திறந்தது. உள்ளே ஒரே ஒரு கொரியத் தொடர் இருந்தது. குடை பிடித்தபடி ரயில் நிலைய நடைமேடையில் நிற்கும் ஒரு பெண்ணின் படம். அதன் அடியில் சிவப்புக் கோடு ஒன்று பாதி தூரம் ஓடி நின்றிருந்தது. அதற்கு மேல் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கே புரிந்தது. பிறர் பீரோவைத் திறந்துவிட்டவள் போல டிவியை அணைத்துவிட்டேன்.

இறந்துபோனவரை நான் மனதுக்குள் 'அக்கா' என்றுதான் சொல்லிக்கொள்வேன். அவருடையதைத் திறந்துவிட்டதை மறைத்து வைக்க மனம் வரவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "கை தவறிப் பட்டுருச்சு. அக்கா பாத்துக்கிட்டிருந்த தொடர் ஒண்ணு பாதில நிக்குது."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஆமா. ஆஸ்பத்திரில சேக்கதுக்கு முந்தி பாத்துக்கிட்டு இருந்தா."

"என்ன கதை?"

"தெரியாதுங்க. 'வந்து உக்காருங்க, நல்லாருக்கு'ன்னு கூப்பிடுவா. நமக்கெதுக்குக் கொரியாக்காரன் கதைன்னு முருங்கைக்குத் தண்ணி ஊத்தப் போயிருவேன்." ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசியதில் அதுதான் அதுவரைக்கும் நீளமான பேச்சு.

ஐப்பசி பிறந்த வாரம் மழை வந்தது. மத்தியானமே கிழக்கே கறுத்துக்கொண்டு, இடி ஒன்று விழுந்ததும் தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதல் சொட்டுகள் விழுந்தபோது எழுந்த மண்வாடைக்காக நான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். வெளியே போட்ட துணியை எடுக்கவேண்டும் என்பதே மறந்துபோனது. அவர் முழங்கால்வரை சகதியோடு வந்து சேர்ந்தார். செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுக்கவே நெடுநேரம் ஆனது. அதற்குள் கருப்பட்டிக் காபி போட்டு, காரச்சேவு ஒரு தட்டில் வைத்தேன். அந்தக் குளிரும் காபியும் கொடுத்த தைரியத்தில் கேட்டேன்.

"அந்தத் தொடரை முதல்லேருந்து பாப்பமா?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். முடி எப்போதோ காய்ந்திருக்கும். அப்புறம் சொன்னார்: "அவ பேர்ல உள்ளதுல வேண்டாம். அது அப்படியே கெடக்கட்டும். என் பேர்ல போடுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. சின்ன மலையூர் ஒன்றில் ரயில் நிலையத்துக்கு எதிரே சூப் கடை வைத்திருக்கிறாள் ஒரு பெண். அடுத்த கடை மருந்துக்கடை. அதை நடத்துகிறவனும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஏதோ சண்டையில் பேச்சு நின்று பல வருஷமாகிறது. ஒருவருக்கொருவர் தெரியாமல் உதவி மட்டும் செய்துகொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை. நான் முதல் நாளே அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். இவரோ தண்டவாளத்தைத்தான் பார்த்தார்.

"ஜல்லி பத்தாது. இந்த வளைவுல வண்டி ஆடும்" என்றார்.

"அந்தப் பிள்ளை அழுது, நீங்க ஜல்லியப் பாக்குதீங்க."

"அழுகட்டும். ஆனா ஜல்லி பத்தாது."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் அந்த ஊர் மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. காற்றடிக்கும்போதெல்லாம் இலைகள் கொட்டின. அதன் நடுவே எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டு சந்தோஷமாக நடந்தார்கள். இவர் கவலையாகக் கேட்டார், "என்ன, மரத்துக்கெல்லாம் நோக்காடா?"

"இல்லையாம். அங்கன இந்த மாசத்துல இலை உதிருமாம். அதப் பாக்கதுக்குன்னே ஜனங்க டூர் போவாகளாம்."

"நமக்குப் பங்குனிலல்லா உதிரும். அதுவும் பாக்கதுக்கு யாரு போறா, வாருகோலு எடுத்துக்கிட்டுல்லா போகணும்." சற்றுப் பொறுத்து, "ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எங்கள் பக்கம் அதே மாதத்தில் எல்லாம் முளைத்துக்கொண்டிருந்தது. மணியாச்சி போகும் வழியில் இரண்டு பக்கமும் உளுந்தும் பாசியும் பச்சை கட்டிவிட்டதாக வந்து சொல்வார். வரும்போது பையில் ஏதாவது கொண்டுவருவார். ஒரு நாள் சீத்தாப்பழம், ஒரு நாள் தூக்குவாளியில் சுக்குப் போட்ட பருத்திப்பால். டிவி முன்னால் பாயை விரித்துச் சீத்தாப்பழத்தைப் பிட்டு வைத்துக்கொள்வோம். கொட்டையைத் துப்ப ஒரு கிண்ணம் நடுவில். ஜன்னலில் மழை. அதுவரை நான் எந்தப் பருவத்தையும் உட்கார்ந்து அனுபவித்தவள் இல்லை. மழை என்றால் அம்மாவின் துணி காயாதே என்றுதான் இருந்திருக்கிறேன்.

தொடர் பார்க்கும்போது அக்காவைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அந்தச் சூப் கடைக்காரி கரண்டியைக் கடாயில் தட்டினால், "அவளும் இப்படித்தான் தட்டுவா. தெரு முக்குலயே கேக்கும்" என்பார். எனக்கு அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் பேசாமல் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது. நானும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியாமல் "டீச்சர்" என்று அம்மா கூப்பிட்டதை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் பழத்தில் நல்ல சுளைகளை என் பக்கம் நகர்த்தினார்.

தீபாவளி நெருங்கியபோது ஒரு சாயங்காலம், சூப் கடைக்காரி குடையோடு நடைமேடைக்கு வந்தாள். அக்கா நிறுத்திய இடத்தில் நின்ற அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இதுதான அவ விட்ட எடம்?" என்று கேட்டார்.

"ஆமா."

"நிறுத்திருங்க" என்றார். எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். தூறல் மேலே தெறித்தும் உள்ளே வரவில்லை. நான் பாயைச் சுருட்டி வைத்தேன்.

மறுநாளிலிருந்து மழை வலுத்தது. ரயில் போவதற்கு முன்னால் தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்து வரும் ரோந்து வேலைக்கு அவரைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வருவதே அபூர்வமானது. தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தேன், அதிரசத்துக்குப் பாகு வைத்தேன். பாகு முறுகிப்போனது, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டேன். டிவியைப் போடவில்லை. ஓர் அந்தியில், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. பின்னால் மழை இரைச்சல்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அந்த 'நீ' காதில் விழுந்ததும் நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னும் இல்ல. நீங்க?"

"பார்சல் வாங்கித் தந்தாவ. மேல என்ன ஆச்சு, பாத்தியா?"

"இல்ல."

"பாத்துட்டுச் சொல்லேன். எனக்காகக் காத்துக் கெடக்காத."

"நீங்க வாங்க. பாக்கலாம், இல்லேன்னா வேண்டாம். ரெண்டும் எனக்குச் சம்மதந்தான்."

தீபாவளிக்கு முந்தின நாள் அவரும் வந்தார், மகளும் வந்தாள். அவள் பையைத் திறந்து முதலில் எடுத்தது எனக்கு ஒரு மயில்கழுத்துக் கலர்ப் புடவை. "தலைத்தீபாவளில்லா சித்தி" என்றாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. என் பக்கம் கூப்பிட ஆள் இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். புடவைக்கு மேட்சாக ரவிக்கையை அன்றே வெட்டித் தைத்துவிட்டேன்.

முறுகின பாகில் செய்த அதிரசத்தைத் தின்றபடி டிவியைப் போட்ட மகள், அப்பா பெயரில் கொரியத் தொடர் ஓடியிருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தாள். "யப்பா! நீங்களா?"

அவர் முறுக்குத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். அக்கா விட்ட இடம் வரைக்கும் பார்த்தோம், அதற்கு மேல் அப்பாவுக்கு மனசு வரவில்லை என்றேன்.

அவள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா எங்க விட்டாங்கப்பா? ஆஸ்பத்திரில என் போன்ல, என் பேர்ல போட்டு, கடைசி வரைக்கும் பாத்துட்டாங்களே."

"என்னட்டி சொல்லுத?"

"ஆமாப்பா. நீங்க டூட்டி முடிஞ்சு வர முந்தி ரெண்டு பேரும் பாப்போம். முடிவு அம்மாவுக்குப் பிடிக்கவே இல்ல. நர்ஸே ஓடி வர்ற அளவுக்கு அம்மா அந்தத் திட்டு திட்டினாங்க."

அவர் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முதலில் ஒன்றும் விளங்காதவர் மாதிரி இருந்தது. பிறகு அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவும் செய்தார், ஆனால் சிரித்துக்கொண்டே. "திட்டினாளா?" "என்ன சொல்லித் திட்டினா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மகள் சொல்ல மறுத்துவிட்டாள். "முதல்ல பாருங்க. பாத்தாத்தான் சொல்லுவேன்."

மீதி முழுவதையும் தீபாவளி அன்று பகலிலேயே பார்த்து முடித்தோம். வெளியே ஈர வெடிகள் புஸ் புஸ்ஸென்று அணைந்துகொண்டிருந்தன. முடிவில் மருந்துக்கடைக்காரன் பெரிய நகரத்துக்குப் போகிறான். அவள் கடையை விட்டுப் போகவில்லை. இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இலை கொட்டுகிறது. அதோடு தொடர் முடிந்தது.

"'இவ்வளவு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு டிக்கெட் எடுக்கத் தெரியாதா, மூதேவி'ன்னாங்க அம்மா" என்றாள் மகள்.

இவர் தொடையைத் தட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கா!"

"என்ன சரி?" என்றேன் நான். "கடைய யாரு பாப்பா? அவ கையால கட்டின கடை. அவன் வரட்டும், அவனுக்கு ரயில் கெடையாதா?"

"சூப் கடைய எங்கன வேணும்னாலும் வைக்கலாம்..." என்றார் அவர்.

"சூப் கடையத் தூக்கிட்டு எங்க போவா?"

அந்த வீட்டில் நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். அக்கா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, அவர் அக்காவின் வக்கீல். மகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். முடிவு வரவில்லை. பசி வந்ததும் எழுந்து போய்த் தோசை சுட்டேன்.

மறுநாள் மகள் தியேட்டரில் தீபாவளிப் படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். விசில், காகிதம், கத்தல். திரையில் பத்துப் பேர் பறந்து விழுந்தார்கள். நான் மயில்கழுத்துப் புடவையில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கி வந்தவர், படம் மறுபடி ஆரம்பித்ததும் தூங்கிவிட்டார். அத்தனை சத்தத்திலும் ஒரு மனிதர் தூங்கமுடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ரோந்து நடந்த களைப்பு. மகள் எழுப்பப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

படம் விட்டு வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. மூன்று பேரும் நடந்தே வந்தோம். "நான் தூங்குனதுக்கப்புறம் படத்துல ஹீரோவோட தம்பிக்காரன் என்ன ஆனான்?" என்று கேட்டார் அவர்.

"செத்துட்டான்ப்பா" என்றாள் மகள்.

"கல்யாணம் முடிச்சிட்டான்" என்றேன் நான், அதே நேரத்தில்.

இரண்டையும் யோசித்துக்கொண்டே நடந்தார். "சரிதான்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பஜாரில் கடை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.