ரயில் உப்பு போட்ட கழனி

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் மத்தியான சங்கு ஊதி ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கன்னியப்பன் வந்தான். ஆம்பூர்ப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து பஸ் மாறி வந்த அந்த ஊர்க்காரன் ஆபீஸ் அறை வாசலைத் தாண்டவில்லை. உள்ளே குமாஸ்தா நாற்காலியில் இருந்த பரந்தாமனிடம், அவன் அண்ணன் லோகநாதன் காலையில் கழனியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை என்று நின்றபடியே சொன்னான்.

எந்தக் கழனி என்று பரந்தாமன் கேட்டான்.

"உன்னுதுலதாம்பா," என்றான் கன்னியப்பன்.

லோகநாதனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா போனதும் அஞ்சாம் வகுப்போடு ஏர் பிடிக்க வந்தார். தம்பியை பி.ஏ. வரை படிக்க வைத்தார். கோபம் வந்தால் மனிதர்களை விட்டுவிட்டு மாட்டிடம் பேசுவார். அவர் ஆயுளில் ஊரார் தங்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கும்படி செய்தது ஒன்றுதான். ஒன்றுமே விளையாத கழனிக்கு வருஷக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சினார்.

அது கோரையில் ஆரம்பித்தது. கீழ்க்கழனியில் எத்தனை முறை கொத்தினாலும் கிழங்கு அடியில் கிடந்து மறுபடி தலைநீட்டும். லோகநாதனின் தோஸ்த் நிசார் அஹமது ஆம்பூரில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் விற்பவர். ரயில் பாதையில் புல் வராமலிருக்கத் தெளிக்கும் உப்பு கொஞ்சம் அவர் கடைக்கு வந்திருந்தது. ஐம்பத்தாறாம் வருஷக் கோடையில் லோகநாதன் அதை வாங்கிக் கரைத்துக் கழனி முழுக்கத் தெளித்தார். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் நடுவில் கொட்டினார். கோரை செத்தது. கூடவே அருகும் எருக்கும் வரப்போரத் துத்தியும் செத்தன. பெருக்கிவிட்ட கல்யாண வாசல் மாதிரி கழனி சுத்தமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பாகம் பிரிக்க வேண்டியதாயிற்று. பரந்தாமனின் மாமனார் அவசரப்பட்டார். பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. பிரிக்க இரண்டே கழனி. மேல்கழனியில் களை மண்டிக் கிடந்தது.

"கீழது வேணாண்டா தம்பி. மருந்து போட்டிருக்கேன். மேலத எடுத்துக்கோ," என்றார் லோகநாதன்.

சுத்தமான நிலத்தை அண்ணன் தனக்கு ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று பரந்தாமனுக்குப் பட்டது. மாமனாரும் கண்ணைக் காட்டினார். கீழதையே எடுத்தான்.

ஆடியில் போட்ட கேழ்வரகு வெள்ளையாக முளைத்து வெள்ளையாகவே செத்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று லோகநாதன் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பத்திரம் எழுதியாச்சு என்று பதில் போயிற்று. கழனியைக் கொன்றுவிட்டுத் தன் தலையில் கட்டியதாகப் பரந்தாமன் ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தான். தானே கேட்டு வாங்கியதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வாசலை அவன் மிதிக்கவில்லை.

லோகநாதன் நிசாரிடம் போய், எப்போது தீரும் என்று கேட்டார்.

"ரயில்காரன் என்னிக்கு அங்க வெதைக்கப் போறான், நான் கேட்டு வைக்க?" என்றார் நிசார்.

குடியாத்தத்திலிருந்து வந்த விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் கொஞ்சம் விவரமாகச் சொன்னார். அந்த உப்பு காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீர் அதைக் கரைத்து அடிக்கு இறக்க வேண்டும். ஈரமும் மக்கின எருவும் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மண்ணில் பெருகி மீதியை உடைக்கும். எத்தனை வருஷம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மழையைக் கேட்கச் சொன்னார்.

மழை பேசும் ஊர் இல்லை அது. லோகநாதன் தன் பயிருக்குப் பாய்ச்சிய கையோடு மடையைத் திருப்பித் தம்பி கழனியின் வெறும் மண்ணுக்கு விட்டார்.

"மண்ணுக்கு நலங்கு வெக்கிறியா, மாமா?" என்று கன்னியப்பன் வரப்பிலிருந்து கேட்டான்.

"தாகமா இருக்குதாம்," என்றார் லோகநாதன்.

தீர்ந்ததா என்று பார்க்க ஒவ்வொரு பட்டத்திலும் கொஞ்சம் காராமணி ஊன்றினார். முதலில் இரண்டு இலையோடு போயிற்று. அடுத்த வருஷம் இலை ஓரம் கருகினாலும் செடி நின்றது. அதற்கடுத்து நாலு மூலையிலும் பூத்தது. உப்பைக் கொட்டிய நடுவிடத்தில் மட்டும் விதை முளைப்பதும் சாவதுமாக இருந்தது. மேல்கழனிக்குச் சேர வேண்டிய எரு முழுக்க அங்கே போயிற்று. மேல்கழனி விளைச்சல் கம்மியானது. மனைவி அம்சவேணி கேட்டபோது அவர் மாட்டிடம் பேசினார்.

பிணம் எடுத்த மறுநாள், சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தபின், பரந்தாமன் அண்ணியிடம் அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டான்.

"நடுவுலயும் செடி வந்துட்டா தைக்கு உன்னைக் கூட்டியாந்து காட்டணும்னாரு. அதுக்கு முன்னால கூப்ட்டா நீ நம்பமாட்டேன்னாரு," என்றாள் அம்சவேணி. குரலில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் கழனிக்குப் போனான். ஓரமெல்லாம் காராமணி முழங்கால் உயரம் நின்றது. காய் பிடித்திருந்தது. ஒன்றைப் பறித்து உடைத்தான். மணி முற்றியிருந்தது. நடுவே வட்டமாக மண் தெரிந்தது. அந்த வட்டத்தில் கூடை கூடையாக எரு கொட்டிக் குவியல் குவியலாக வைத்திருந்தார் அண்ணன். ஒரு குவியல் மட்டும் இறைத்திருந்தது.