கடைசி வரிசைக்கு எட்டாத கேமரா

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள், மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடாமுக்கு முன்னால் என்னை நிற்கவைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். எடுத்ததைக் காட்டினாள். நான் காதோர நரை வரை தெளிவாக இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த வடாம், துணிக்கொடி, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பனியில் கரைந்ததுபோல் மங்கிக் கிடந்தன.

“பின்னாடி எப்டி பிளர் ஆயிருக்கு பாரு மாமா. பெரிய கேமராவுல எடுத்தாப்ல கீது.”

“வடாம் எங்கம்மா?” என்று கேட்டேன். வடாமை யார் கேட்டார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

பின்னால் இருப்பதும் தெரியவேண்டும் என்று கேட்பது எனக்குப் பழைய வியாதி. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்தாண்டு முழுவதும் உத்திரமேரூர்க் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். வேலையில் பாதி, புத்தகத்தின் கடைசித் தாளில் தேதி முத்திரை குத்துவது. அந்த ஊதா மையின் வாசனைக்கு ஒரு குணம் உண்டு. சில வருடம் முகர்ந்தால், தேதி இல்லாத எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். ஏரி எந்த நாள் நிரம்பியது, கடைத்தெருவுக்கு முதல் மாம்பழம் எப்போது வந்தது, காஞ்சிபுரம் பஸ்ஸில் டிக்கெட் எப்போது ஏறியது என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்தேன். படித்தவர்கள் சிரிக்கலாம். ஊர் நடுவே கோயில் சுவரில், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதியையே ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவன் ஒன்றையும் குறித்து வைக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

நோட்டுக்குத் துணையாக ஒரு கேமரா வாங்கினேன். வெள்ளி நிறம், சட்டைப் பைக்குள் அடங்கும். கடைக்காரர் அதன் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது: விரும்பினால் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழும். அதற்குமேல் நான் பேரம் பேசவில்லை.

அதற்கு ‘பொடி டப்பா’ என்று பெயர் வைத்தவர் காதர் பாய். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. ஆணியும் கீலும் எடைபோட மாட்டேன் என்று பிடிவாதமாகப் படம் எடுக்க வந்தவர். அவர் ஸ்டுடியோவில் முன்பெல்லாம் இருட்டறைத் திரவத்தின் புளித்த வாசனையும், வாடிக்கையாளருக்காக வைத்திருந்த பவுடர் வாசனையும் கலந்து வரும். டிஜிட்டல் வந்ததும் புளிப்பு போய்ப் பவுடர் மட்டும் நின்றது. என்னைவிட இரண்டு வயது பெரியவர். ஆனாலும் என்னை ‘லைப்ரரி சார்’ என்பார். அந்த ‘சார்’ மரியாதையா கிண்டலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் மதியம், துண்டில் சுற்றிய எதையோ பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையால் ஏந்திக்கொண்டு நூலகத்துக்கு வந்தார்.

“இன்னா பாய், பூனைக்குட்டியா?”

“ஃபுல் ஃப்ரேம் சார்!”

துண்டை விலக்கினார். கறுப்பாக, கனமாக, லென்ஸோடு ஒரு சின்னச் செங்கல் அளவுக்கு இருந்தது. வயலை விற்றாரா, தவணையில் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. என் கேமராவை வெளியே எடுக்கச் சொல்லி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எருமைக்குப் பக்கத்தில் வெள்ளெலி.

“உன்து உள்ள படம் வுழுற எடம் எவ்ளோ தெரியுமா? இந்தச் சுண்டுவெரல் நகம், அவ்ளோதான். என்துல பழைய பிலிம் எவ்ளோவோ அவ்ளோ, முழுசா. வெளிச்சத்த நீ டம்ளர்ல புடிக்கிற. நான் அண்டாவுல புடிக்கிறேன்.”

அறிவியல் புத்தகங்கள் நானும் அடுக்கி வைத்திருந்தேன். இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

இருந்தாலும் சோதிக்காமல் விடுவதா? மறுநாள் காலை இருவரும் ஏரிக்கரைக்குப் போய், ஒரே இடத்தில் நின்று, ஒரே பனைமரத்தை எடுத்தோம். இரண்டையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, பஸ் நிலையத்து டீக்கடையில் மேசைமேல் போட்டார் பாய். எது எதில் எடுத்தது என்று சொல்லவில்லை. நாலைந்து பேர் கண்ணாடி டம்ளரோடு குனிந்து பார்த்தார்கள். டீ மாஸ்டர் இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ரெண்டும் ஏரிதான்யா. எதுல தண்ணி ஜாஸ்தினு கேக்கறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். பாய்க்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் இரண்டையும் நாள்காட்டி அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். என் பனைமரம் ரவை உப்புமாவாக உதிர்ந்திருந்தது. அவர் பனைமரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம். “காக்கா கண்ண பாரு சார், காக்கா கண்ண பாரு” என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அன்று அவருக்கு மட்டும் டீயில் ஏலக்காய் போட்டார்.

அந்தக் கேமராவில் பாய்க்குப் பிடித்துப்போனது காக்கைக் கண்கூட இல்லை. அதில் ஒரு திருகு. அதைத் திருப்பி லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தால், முகம் மட்டும் தீட்டியதுபோல் நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். நம் கல்யாண மண்டப மேடைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். தெர்மாக்கோல் அன்னப்பறவை, பிளாஸ்டிக் ரோஜா, சீரியல் பல்பு, பெயர் எழுத்துகளில் ஒன்று கழன்று தொங்குவது எல்லாம் போய், மணமக்கள் மட்டும் மேகத்தில் நிற்பார்கள். பாய் அந்தத் திருகை அப்படியே விட்டுவிட்டார். திருப்பவே இல்லை.

அந்த ஆவணியில் செல்வியின் கல்யாணம் வந்தது. சரியான தேதி என் நோட்டில் இருக்கிறது. சொன்னால் எந்த வீட்டுக் கல்யாணம் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொள்கிறேன். பெண்ணின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நூலகத்துக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண். சாப்பாட்டு நேரத்தில் வந்து புத்தகம் மாற்றுவாள். மாகறலிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அப்பா அவள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா சரோஜா, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. கல்யாணம் முடிந்த ஆறாம் நாள் புறப்பட வேண்டும்.

பத்திரிகை கொடுக்க வந்தவள் பாயின் ஸ்டுடியோவுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“பாய், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். எங்கம்மா என்கூட நிக்கிற மாரி ஒரே ஒரு படம் நல்லா எடுத்துக் குட்ருங்க. ரேசன் கார்டுல கீறத வுட்டா எங்கம்மாவுக்குப் போட்டோவே கெடையாது. அத எப்டி பாய் புனேவுக்கு எடுத்துக்கினு போறது?”

“இன்னாமா இது, காக்கா கண்ணையே எடுத்தவன் நானு” என்றார் பாய்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. உங்களுக்குத் தெரியும், அந்த நாளில் தாலி கட்டும் நேரம் கணவனை இழந்த தாய் எங்கே இருப்பாள் என்று. யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். தாரை வார்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். குடும்பப் படம் எடுக்கும்போது செல்வி மேடையிலிருந்து இறங்கிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். மணமக்களும் பெரியவர்களும் நாற்காலியில். அடுத்து அத்தைமார் வரிசை. அதற்கும் பின்னால், பெஞ்சின் மேல், மாமன் மச்சான்கள். சரோஜா அம்மாள் நேராக அங்கே ஏறிவிட்டார்.

“யம்மா, முன்னாடி வாம்மா.”

“இங்கியே நிக்கறன்டி. உயரமா கீது, நல்லா தெரியும்.”

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் கண்ணைக் கேமராவோடு ஒட்டிவைத்திருந்தார். “எல்லாம் இங்க பாருங்க! மாப்ள, தாடைய எறக்கு!” எல்லோரும் கைகளைத் தொடையில் வைத்து, மூச்சைப் பிடித்து, எதிரில் கலெக்டர் நிற்பதுபோல் நின்றார்கள். அவர் பக்கத்தில் நின்று நானும் என் நோட்டுக்காக ஒரு தடவை அழுத்தினேன். பொடி டப்பாவுக்கு யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாய் நூலகத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“சார், ஒரு பேஜாரு ஆயிப்போச்சு.”

ஸ்டுடியோவில், கண்ணாடி மேசைமேல் பெரிய அளவில் அச்சாகிவந்த படம் கிடந்தது. செல்வியின் இமை மயிரை எண்ணலாம். மாலையில் ஒரு எறும்பு ஊர்ந்தது தெரிந்தது. அத்தைமார் வரிசை கொஞ்சம் மங்கியிருந்தது. பெஞ்சுமேல் நின்றவர்களைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியிருந்தது. சரோஜா அம்மாள் நின்ற இடத்தில் ஒரு வெளிர்ப் புடவையும் அதன்மேல் ஒரு கலங்கலும் இருந்தன. கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்ததாம். தெர்மாக்கோலைக் கரைக்கப்போய் அந்த அம்மாவைக் கரைத்துவிட்டார்.

“மத்ததுல?”

“எல்லாத்துலயும் அந்தம்மா பின்னாடிதான் சார் நின்னுக்கினு கீது.”

நான் வீட்டுக்குப் போய் என் கேமராவை எடுத்துவந்தேன். திரையில் அதே மேடை. ஃபிளாஷில் சிவந்த கண்கள், வெளிறிய முகங்கள், கழன்ற எழுத்து, அன்னப்பறவையின் கழுத்தில் பசை. சுண்டுவிரல் நகத்துக்கு முன்வரிசை பின்வரிசை என்ற பாகுபாடு கிடையாது, எல்லாம் ஒரே தெளிவு. சரோஜா அம்மாளும் தெளிவாக இருந்தார். மற்ற எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மகளின் ஜடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் முகத்தில் வந்திருந்த சிரிப்பு அது.

பாய் கேமராவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, “அஞ்சலட்டை அளவுக்கு மேல தாங்காது சார் இது. அதுலயே போடறேன்” என்றார்.

மறுநாள் என் சைக்கிளை விட்டுவிட்டு அவர் வண்டியில் இருவருமாக மாகறலுக்குப் போனோம். செல்வி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாய் முதலில் பெரிய படத்தைத்தான் நீட்டினார். செய்த தப்பை முன்னால் வைத்துவிடுவது அவர் வழக்கம். அவள் விரல் முன்வரிசையிலிருந்து மெல்ல மேலே ஏறிக் கடைசியில் நின்றது.

“அம்மா எங்க பாய்?”

“பின்னாடி நின்னாங்களா… இந்தக் கேமரா அதுவரைக்கும் எட்லமா. எந் தப்புதான்.”

வாசற்படியில் கையைத் துடைத்தபடி நின்ற சரோஜா அம்மாள் எட்டிப் பார்த்தார். கோபமே இல்லை.

“சொல்லியிருந்தா முன்னாடி வந்திருப்பேனே பாய். நானா வந்து நின்னாத்தான் நாலு பேரு நாலு சொல்லுவாங்க. போட்டோக்காரரு கூப்ட்டா யாரு இன்னா சொல்லப்போறாங்க?”

பாய் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

நான் சின்னப் படத்தைக் கொடுத்தேன். செல்வி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, வாயில் சிரிப்பு.

“சார், இது இன்னா தேதி போட்டுக்கினு கீது? அப்ப நான் எட்டாவது படிச்சிக்கினு இருந்தேன்!”

வாங்கிப் பார்த்தேன். பெரியப்பாவின் முழங்காலில் ஆரஞ்சு நிறத்தில், என்றோ ஒரு ஜனவரி முதல் தேதி. கல்யாணத்தன்று காலையில் பேட்டரி மாற்றியிருக்கிறேன். கேமரா தன் பிறந்த நாளுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. ஊரின் ஒவ்வொரு மழைக்கும் தேதி வைத்திருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. பாய் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். வண்டியில் திரும்பும்போது செய்யாற்றுப் பாலம் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அந்த அஞ்சலட்டைப் படம் புனேக்குப் போயிற்று. பெரிய படமும் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரமே பாய் அந்தத் திருகைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டார். நாலு சொடுக்கு திருப்பினால் மூன்று வரிசையும் தெளிவாக வரும். எனக்கே செய்து காட்டினார். ஆனால் அடுத்த கல்யாணத்தில், குடும்பம் மேடையேறி நின்றதும், கேமராவை இறக்கிவிட்டுக் கடைசி வரிசையை நோக்கிக் கை நீட்டினார்.

“பின்னாடி நிக்கிற அம்மா, முன்னாடி வாங்க. இது பெரிய கேமரா, பின்னாடி நின்னா வுழாது.”

ஒரு சித்தப்பா முன்வந்தார். “அவுங்க அங்கியே நிக்கட்டும் பாய்.”

“நிக்கட்டும், உங்க இஷ்டம். ஆல்பத்துல பொகையா வரும். அப்பறம் என்னாண்ட வந்து நிக்காதீங்க.”

சித்தப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரே ஒரு நாற்காலியை இழுத்து மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டார். மணமேடையில் ஐயர் பேச்சை மீறலாம், மாமனார் பேச்சை மீறலாம், போட்டோக்காரர் பேச்சை மீறிய ஆளை நான் பார்த்ததில்லை. அந்தப் பொய்யை அவர் எத்தனை கல்யாணத்தில் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். திருகைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவுமில்லை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். பவுடர் வாசனை போய்விட்டது. என் கேமராவின் லென்ஸ் பாதி வெளியே வந்த நிலையில் நின்றுவிட்டது. பெரிய கேமராவைப் பாய் செங்கல்பட்டில் யாருக்கோ கொடுத்துவிட்டார். நானும் அவரும் இப்போது விருந்தாளிகள் மட்டும்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். படம் எடுக்க மூன்று பேர், தலைக்குமேல் ஒரு கேமரா பறந்துகொண்டும் இருந்தது. குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையேறினார்கள். பாய் பழைய பழக்கத்தில் அரைவாசி எழுந்து கடைசி வரிசையைத் துழாவினார். அங்கே உயரமான பையன்கள் மட்டும் நின்றார்கள். இந்த மணப்பெண்ணுக்கும் அப்பா இல்லை. அவள் அம்மா, நெற்றியில் பொட்டு இல்லாமல் மஞ்சள் பட்டுப்புடவையில் முன்வரிசை நடுவில் உட்கார்ந்து, கால் வலிக்கிறது சீக்கிரம் எடுங்களப்பா என்று அதட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் முகத்தைத் திருப்பவுமில்லை.

பாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பந்தி ஆரம்பிச்சிட்டாங்களானு பாரு சார்” என்றார்.